கோ-கார்ட் ரேஸ் லீக்ல ரூல் மாத்துறதுக்கு முன்னாடி

கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து ஒரு தம்பி கேக்குறார்: "அண்ணே, நாங்க 14 பேரு, மாசம் ஒரு தடவ வாடகை கார்ட் எடுத்து லீக் ஓட்டுறோம், பாயின்ட் எஃப்1 (ஃபார்முலா ஒன் கார் ரேஸ்) மாதிரி முதல் மூனு இடத்துக்கு 25, 18, 15. ஒருத்தரே ரொம்ப முன்னாடி போயிட்டாரு, அதனால பசங்க ரூல மாத்தணும்கிறாங்க. குவாலிஃபையிங் (யாரு எந்த இடத்துல இருந்து கிளம்புறதுன்னு முடிவு பண்ற ஓட்டம்) ஒரே லேப், அதாவது ஒரே சுத்து, அதிக ரேஸ் ஜெயிச்சவருதான் சாம்பியன், கடைசி ரேசுக்கு டபுள் பாயின்ட். அடுத்த வாரம் ஓட்டெடுப்பு, எதுக்கு கை தூக்குறது?"

தம்பி, இது மூனும் எஃப்1காரங்க ஏற்கனவே கைய வச்சு சுட்டுக்கிட்ட விஷயம்தான். டபுள் பாயின்ட் 2014ல அபுதாபி கடைசி ரேசுக்கு குடுத்தாங்க, அடுத்த வருசமே தூக்கிட்டாங்க, அத விட்ருங்க.

ஜெயிச்ச கணக்கு மட்டும்னு 2009 சீசன் தொடங்குறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி எஃப்1க்கு ரூல் போடுற எஃப்ஐஏ அறிவிச்சிச்சு, டீமுங்க ஒத்துக்கல, வாபஸ் வாங்கிட்டாங்க. அந்த ரூல் 2008லயே இருந்திருந்தா 6 ரேஸ் ஜெயிச்ச மாசா சாம்பியன், ஆனா 5 ஜெயிச்ச ஹாமில்டன் 98க்கு 97னு ஒரே பாயின்ட்ல கப்ப தூக்கிட்டாரு. கேக்க நியாயமாத்தான் இருக்கும், ஆனா உங்க ஆளு இப்பவே ஜெயிச்சுக்கிட்டுதானே இருக்காரு, இந்த ரூல் வந்தா அவரு பாதி சீசன்லயே முடிச்சிடுவாரு, அப்புறம் ஏழாவது எட்டாவதா வர்றவன் எதுக்கு காசு குடுத்து வரப்போறான் சொல்லுங்க.

எஃப்1ல இதே தலைவலி வந்தப்ப நேர் எதிரா போனாங்க. 2002ல ஷூமாக்கர் ஜூலையிலயே பட்டத்த முடிச்சிட்டாரு, அதனால 2003ல ரெண்டாவது இடத்துக்கு 6ல இருந்து 8 ஆக்குனாங்க, முதலிடம் அதே 10தான். அந்த வருசம் ஒரே ஒரு ரேஸ் ஜெயிச்ச ரைக்கனன் 91, ஆறு ஜெயிச்ச ஷூமாக்கர் 93, கடைசி ரேஸ் வரைக்கும் இழுத்துச்சு. ஒரு ரேஸ் ஜெயிச்சவன் சாம்பியன் ஆகப் பாக்குறது எனக்கும் கொஞ்சம் உறுத்தும்தான், ஆனா நண்பர்கள் லீக்ல விறுவிறுப்பு முக்கியம் லா. மோட்டோஜிபி (பைக் ரேஸ்) பாயின்ட் டேபிள எடுத்துக்குங்க: 25, 20, 16, 13, 11, 10, அப்புறம் ஒன்னொன்னா குறைஞ்சு 15வது ஆளுக்கு 1. உங்க 14 பேருக்கும் ஏதாச்சும் கிடைக்கும்.

அதோட யாரும் கேக்காத ஒன்னு. ஷிஃப்ட் வேலை, கல்யாணம்னு எல்லாரும் ஒரு ரேசாவது தவற விடுவாங்கல்ல, அதனால 12 ரேஸ்னா சிறந்த 10 மட்டும் எண்ணுங்க. எஃப்1ல 1988ல 16 ரேஸ்ல சிறந்த 11 தான் கணக்கு, மொத்தமா பாத்தா புரோஸ்ட் 105, சென்னா 94, ஆனா எண்ணுனது 87க்கு 90, சென்னா சாம்பியன். ஆக கணக்கு எப்படின்னு முதல் ரேசுக்கு முன்னாடியே எழுதி வாட்ஸ்அப் குரூப்புல போட்டு வச்சிருங்க, இல்லன்னா டிசம்பர்ல சண்டைதான்.

ஒரே லேப் குவாலிஃபையிங்குக்கு நான் கை தூக்க மாட்டேன். எஃப்1ல 2003ல இருந்து 2005 வரைக்கும் ஒவ்வொருத்தரா ஓட்டுனாங்க, 2005ல ஜப்பான் சுசூக்கால நடுவுல மழை வந்து கடைசியா போனவங்க எல்லாம் மாட்டிக்கிட்டாங்க, ரைக்கனன் 17வது இடத்துல இருந்து கிளம்பி ஜெயிச்சது வேற கதை. கேஎல்ல சாயங்காலம் நாலு மணிக்கு மேல வானம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். வாடகை கார்ட்ல இன்னொரு வம்பு, ஒன்னு பறக்கும் ஒன்னு நொண்டும், ஒரே லேப்னா திறமைய விட கார்ட் லக்குதான் பேசும். பத்து நிமிச குவாலிஃபையிங்கே வச்சுக்குங்க, கார்ட சீட்டு குலுக்கி எடுங்க, ரேசுக்கு மறுபடியும் குலுக்குங்க.

மழைக்கும் ஒரு ரூல் வேணும். 2009ல நம்ம செப்பாங்லயே எஃப்1 ரேஸ மழை நிறுத்திருச்சு, 56 லேப்ல 31தான் கணக்குல வந்துச்சு, முக்கால்வாசி தூரம் ஓடாததால பாதி பாயின்ட், ஜெயிச்ச பட்டனுக்கு 5தான். நீங்களும் அதே முக்கால்வாசி கோடு வச்சுக்கலாம். ஓட்டுல எது ஜெயிச்சாலும் அடுத்த சீசன்ல இருந்துதான் அமல்னு சொல்லிடுங்க, முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கிறவரோட பாயின்ட நடுவுல புடுங்குனா அவரு சும்மா இருக்க மாட்டாரு.