ஏசாயா 53: உங்கள் யூத நண்பர் வேதத்தை மறுக்கவில்லை

வணக்கம் சகோதரரே. பாடுபடும் தேவனுடைய தாசனைப் பற்றிய ஏசாயா 53-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டியும் யூத நண்பர் இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை என்றும், அவர் வேதத்தையே மறுக்கிறாரோ என்றும் வருந்தி எழுதியிருந்தீர்கள். அவர் மறுக்கவில்லை, வேறு விதமாக வாசிக்கிறார். அதே நூலின் 49:3-இல் தேவன், "நீ என் தாசன்" என்று இஸ்ரவேலையே அழைப்பதால், 11-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி, 53-இல் பாடுபடும் தாசனையும் இஸ்ரவேல் மக்களாகவே கொண்டார். தாசனை மேசியாவாகக் காணும் வாசிப்பும் யூத மரபில் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதி (98ஆ) 53:4-ஐ மேசியாவுக்குப் பொருத்துகிறது.

ஆனாலும் உங்கள் இருவருக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. மேசியா என்பவர் தாவீதின் வழிவந்த மனித அரசர் என்றும், அவர் ஆலயத்தைக் கட்டிச் சிதறிய இஸ்ரவேலரைச் சேர்ப்பார் என்றும், அதை நிறைவேற்றாமல் கொல்லப்பட்டவர் மேசியா அல்லர் என்றும் 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்தார். கிறிஸ்தவர்களான நமக்கோ இயேசுவின் சிலுவை மரணமே மீட்பு. எஞ்சியவை இரண்டாம் வருகையில் நிறைவேறும்.

எனவே வசனத்தை மீண்டும் காட்டுவதைவிட, அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் கேட்டதுபோல, தீர்க்கதரிசி யாரைக் குறித்துப் பேசுகிறார் என்று நண்பரிடம் கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.