மூர்க்கன்: முட்டாளா, முரடனா?

கேள்வி: இந்திக் கதைகளைத் தமிழாக்குகிறேன். அங்கே 'மூர்க்' என்றால் முட்டாள். இங்கே மூர்க்கன் என்றால் அடிக்கப் பாய்பவன். இரண்டும் ஒரே சொல்தானா? எப்படி எழுதுவது?

பதில்: ஒரே சொல்தான். ஆனால் இந்தி 'மூர்க்' வரும் இடத்தில் மூடன், மடையன், அறிவிலி என்றே எழுதுங்கள். மூர்க்கன் என்று போட்டால், கதையில் ஏமாந்து நிற்கும் அப்பாவி தமிழில் அடிதடிக்காரனாகிவிடுவான்.

சமஸ்கிருதத்தில் 'மூர்ச்' என்ற வேருக்கு உறைதல், இறுகுதல், உணர்விழத்தல் என்று பொருள். மூர்ச்சையும் அதில் பிறந்ததே. அறிவு இறுகிப்போனவன் மூர்க்கன். தமிழிலும் இந்தப் பொருள் இருந்தது. திருவாசகத்தின் அச்சோப் பதிகம் 'முத்திநெறி அறியாத மூர்க்கரொடு' என்றுதான் தொடங்குகிறது. அங்கே வன்முறைப் பேச்சே இல்லை, அறியாமைதான் பேச்சு. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்துக்கு வந்தால் நிறம் மாறிவிடுகிறது. திருவேற்காட்டு நாயனார் ஒருவர் சூதில் வென்ற பொருளால் அடியார்களுக்கு அமுதிட்டார். சூதில் மறுத்தவர்களைச் சுரிகை என்னும் குறுவாளால் குத்தினார். அதனால் அவருக்கு மூர்க்கர் என்று பெயர்.

இரண்டு பொருளுக்கும் பாலம் பிடிவாதம் என்பது என் கணிப்பு. 'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்ற பழமொழியில் அது அப்படியே நிற்கிறது. புரியாதவன், சொன்னால் கேளாதவன் ஆகி, கடைசியில் கேளாமல் பாய்பவன் ஆனான். மலையாளத்திலோ நல்லபாம்புக்கே மூர்க்கன் என்று பெயர்!

இனி, எங்கே எழுதலாம்? கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கும், சமாதானம் சொன்னால் தணியும். உள்ளே வைத்துக் காத்திருப்பது வன்மம். மூர்க்கம் வெளியே தெரியும், தடுத்தாலும் நிற்காது. 'நாய் மூர்க்கமாகப் பாய்ந்தது' சரி. 'பத்து வருடமாக மூர்க்கம் வைத்திருந்தான்' பிசகு. அங்கே வன்மம்தான் வேண்டும். ஆக்ரோஷம் என்பதன் மூலப்பொருள் உரக்கக் கத்துதல், வைதல். ஆகவே சத்தமில்லாமல் நடக்கும் தாக்குதலுக்கு ஆக்ரோஷத்தைவிட மூர்க்கமே பொருந்தும்.

'மூர்கம்' என்று ஒற்றில்லாமல் எழுதுவது பிழை. மார்க்கம், வர்க்கம் போல இங்கும் ரகர ஒற்றை அடுத்த ககரம் இரட்டிக்கும்.