கேள்வி-பதில்: பட்டறைப் பாதுகாப்பும் பயிற்சிப் பதிவேடும்

மரவேலைப் பட்டறை நடத்துகிறேன், என்னையும் சேர்த்து ஒன்பது பேர். போன மாதம் ஒரு தம்பிக்கு ரம்ப மெஷினில் விரல் நுனி கிழிந்துவிட்டது, தையலோடு போயிற்று. இன்சூரன்ஸ்காரர்கள் வந்து, இவருக்கு இந்த மெஷினில் பயிற்சி கொடுத்ததற்கு என்ன பதிவு இருக்கிறது என்று கேட்டபோது காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. எல்லோருக்கும் நான்தான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். பெரிய கம்பெனி மாதிரி ஃபைல் ஃபைலாக எங்களால் வைக்க முடியுமா?

ஃபைல் ஃபைலாக வேண்டாம், ஒரு அட்டவணையும் ஒரு நோட்டும் போதும். பெரிய தாள் ஒன்றில் இடது பக்கம் ஒன்பது பேர் பெயரையும் எழுதுங்கள், உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். மேலே குறுக்காக, ஆபத்துள்ள வேலைகளை எழுதுங்கள்: ரம்பம், இழைக்கும் மெஷின், வார்னிஷ் ஸ்பிரே, மரத்தூசி சுத்தம் செய்வது, தீயணைப்பான், முதலுதவி. கட்டத்தில் டிக் போடாமல் தேதி போடுங்கள், ஏனென்றால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அது எப்போது போட்ட டிக் என்று யாருக்கும் தெரியாது. கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆள் அந்த மெஷினைத் தொடக்கூடாது, அவசர ஆர்டர் இருந்தாலும் சரி. தாளை பீரோவில் வைக்காமல் மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

நோட்டு விவரத்துக்கு. "ரம்ப மெஷின் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் அதனால் யாருக்கும் பயனில்லை. "பிளேடின் மேல் மூடியை இறக்கினார், பலகை பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் பின் தகடு சரியாக நிற்கிறதா என்று பார்த்தார், குறுகலான துண்டை விரலால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளினார், பிளேடு மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கினார், ஐந்து பலகை என் முன்னால் அறுத்துக் காட்டினார்" என்று எழுதுங்கள். தேதி, கற்றுக் கொடுத்தவர் பெயர், இருவர் கையெழுத்து, அடுத்து எப்போது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்படி எழுத உட்காரும்போதே எதைச் சொல்லித் தராமல் விட்டோம் என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: முன்பு வாயால் சொல்லிக் கொடுத்ததற்கெல்லாம் பழைய தேதி போட்டு இப்போது எழுதி வைப்பது. அது பொய்ப் பதிவு. மாட்டினால் மற்ற பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். எல்லோரையும் ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, அன்றைய தேதியையே போடுங்கள்.

சிறிய தொழிற்கூடத்தில் நிர்வாகம் பார்க்கிறேன். பயிற்சி என்று கூப்பிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இருபது வருடமாக இருக்கிற ஒரு அண்ணன், "எனக்கேவாம்மா சொல்லித் தர்ற?" என்கிறார். என்ன செய்வது?

அந்த அண்ணனையே சொல்லித் தரச் சொல்லுங்கள். "அண்ணே, புதுசா வந்திருக்கிற பையனுக்கு நீங்க காட்டுங்க, நான் பக்கத்தில் நின்னு எழுதிக்கிறேன்" என்றால் மறுக்க மாட்டார், அவர் எப்படிச் செய்கிறார் என்பதும் பதிவாகிவிடும். ஆனால் அதற்கு முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து படிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் அனுபவம் உள்ளவர்கள் வேலை வேகத்துக்காக மூடியைக் கழற்றி வைத்துப் பழகியிருப்பார்கள், அதுவும் பாடத்தோடு சேர்ந்து புதியவருக்குப் போய்விடக் கூடாது.

கையெழுத்து, அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்தார் என்பதற்குத்தான் சாட்சி. பணியிடப் பாதுகாப்புக்காக 2018-ல் வெளியான ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசத் தரமும் வேலை செய்கிறவர் அந்த வேலைக்குத் தகுதியானவர் என்பதற்கான சான்றைத்தான் பதிவாக வைக்கச் சொல்கிறது. அதனால் ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில் பத்து நிமிடம் செய்ய விடுங்கள். தீயணைப்பான் என்றால் பின்னை இழுப்பது, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டுவது, கைப்பிடியை அழுத்துவது, இடமும் வலமும் வீசுவது என்று ஒவ்வொருவரும் கையால் செய்து பார்க்கட்டும். ஒரு வாரம் கழித்து, வேலைக்கு நடுவில் போய், "இப்ப தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் மறுபடி சொல்லிக் கொடுங்கள், அதையும் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது அநியாயம். அவருக்கு அவர் பேசுகிற மொழியில் சொல்லி, அவர் செய்து காட்டியதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வருடத்துக்கு ஒரு முறை பயிற்சி என்று காலண்டரில் குறித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். புது மெஷின் வந்தால், கெமிக்கல் மாறினால், ஒருவர் நீண்ட லீவு முடிந்து திரும்பினால், விபத்து நடந்தால், உடனே மறுபடி பார்க்க வேண்டும்.

எக்செல் போதுமா, இல்லை ஆப் வாங்க வேண்டுமா?

இருபது முப்பது பேர் வரை எக்செல் தாராளமாகப் போதும். காலாவதித் தேதி நெருங்கினால் கட்டம் சிவப்பாக மாறும்படி செய்துவிடுங்கள், வேறொரு இடத்தில் நகல் வையுங்கள், யாராவது ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். சான்றிதழ் படங்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு அதையே பதிவு என்று நினைக்காதீர்கள். தேவைப்படும் நாளில் தேடி எடுக்க முடியாது.

காயம் ஏற்பட்டால்தான் என் காதுக்கு வருகிறது. மயிரிழையில் தப்பியதை யாரும் சொல்வதில்லை.

சொன்னவரை ஒருமுறை திட்டியிருந்தால்கூட அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மேலே அடுக்கிய பெட்டி சரிந்து யார் மேலும் விழவில்லை என்றால், அடுத்த முறை கீழே ஒருவர் நிற்கலாம், அதனால்தான் எனக்கு இந்தச் சின்னச் சம்பவங்கள் முக்கியமாகப் படுகின்றன. நோட்டில் நான்கு விஷயம் போதும்: எங்கே, எப்போது, என்ன நடந்தது, என்ன மாற்றினோம். பெயர் வேண்டாம். கடைசி விஷயத்தைக் காலியாக விடாதீர்கள். சொன்னதும் அந்த அலமாரிக்கு இரண்டு நாளில் ஒரு தடுப்புக் கம்பி வந்துவிட்டால், அடுத்தவர் தானாக வந்து சொல்வார். "கவனமாக இருக்கச் சொன்னோம்" என்று மட்டும் எழுதியிருந்தால் எதுவும் மாறவில்லை என்றுதான் பொருள். முடிந்தால் ஆபத்தையே அகற்றுங்கள், இல்லையென்றால் தடுப்பு வையுங்கள், கையுறையும் கண்ணாடியும் அதற்கு அப்புறம்தான்.

வேலையை விட்டுப் போனவரின் பதிவுகளை எப்போது கிழித்துப் போடலாம்?

இது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தூசி, ஆஸ்பெஸ்டாஸ், கெமிக்கல் ஆகியவற்றோடு வேலை செய்தவர்களின் பதிவுகளை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் நோய் 20, 30 வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும், அன்றைக்கு அவருக்கு ஆதாரம் உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கலாம். மருத்துவத் தாள்களைப் பயிற்சிப் பதிவோடு சேர்க்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள். போகிறவர் தன் பயிற்சிப் பதிவுக்கு நகல் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், அது அவர் சம்பாதித்த தகுதி.