யோகா செய்யச் சொல்கிறார்கள், நேரம் எங்கே?

கேள்வி: என் மாமியாருக்கு டிமென்ஷியா (மறதி நோய்). வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் ஆனால் "என் வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்குப் போய்விடுவார். இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பார். சில சமயம் கத்திவிடுகிறேன், அப்புறம் அழுகிறேன். கணவரும் நாத்தனாரும் "யோகா, தியானம் செய், சரியாகிவிடும்" என்கிறார்கள். நேரம் எங்கே இருக்கிறது? உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: அன்புச் சகோதரி, யோகா செய்யச் சொன்ன இருவரில் யாராவது, "அந்த நேரத்தில் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னார்களா? அதைச் சொல்லாத வரை அது வெறும் உபதேசம்தான். உங்கள் கோபம் நியாயமானது.

ஆனால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். 2013-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மனநல மருத்துவர் ஹெலன் லவ்ரெட்ஸ்கி குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டிமென்ஷியா நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினர் 39 பேர். ஒரு பிரிவினர் தினமும் 12 நிமிடம், 8 வாரம், கீர்த்தன் கிரியா என்ற தியானம் செய்தார்கள். மற்றவர்கள் அதே நேரம் இதமான இசை கேட்டார்கள். தியானம் செய்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான். என்றாலும் உங்களைப் போன்றவர்களை வைத்தே செய்தது, அதுவும் 12 நிமிடத்தில், என்பதால் நான் அதை மதிக்கிறேன்.

செய்முறை எளிது. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். "ஸா, தா, நா, மா" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரலை வரிசையாகத் தொடுங்கள். இரண்டு நிமிடம் வாய்விட்டு, இரண்டு நிமிடம் முணுமுணுப்பாக, நான்கு நிமிடம் மனதுக்குள், மறுபடி இரண்டு நிமிடம் முணுமுணுப்பு, கடைசி இரண்டு நிமிடம் வாய்விட்டு. கண்ணை மூடினால் அழுகை முட்டிக்கொண்டு வருகிறதா? திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் மாமியார் கூப்பிட்டால் எழுந்து போங்கள். ஐந்து நிமிடம் செய்ததும் செய்ததுதான்.

சாயங்காலம்தான் உங்களுக்குக் கடினமான நேரம். பொழுது சாயும்போது தவிப்பு கூடுவது இந்த நோயில் பலருக்கும் உண்டு. உங்கள் கவனிப்பில் குறை என்று நினைக்காதீர்கள். அவர் வாசலுக்குப் போனதும் பதில் சொல்லும் முன், பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றி, இழுத்த மூச்சைவிட நீளமாக இரண்டு முறை மூச்சை விடுங்கள். "இதுதான் உங்க வீடு" என்று வாதாட வேண்டாம். "வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு மூச்சில்தான் கத்தாமல் இப்படிக் கேட்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

ஆசனங்களில் இப்போதைக்கு ஒன்று போதும்: தரையில் படுத்து, கால்களை நாற்காலி மேல் போட்டு பத்து நிமிடம். ரத்த அழுத்தம் இருந்தால், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் மூச்சை அடக்கும் பயிற்சிகளும் வேண்டாம்.

இரவுத் தூக்கம் கெடுவதை மட்டும் எந்தத் தியானமும் ஈடுகட்டாது. மாமியார் அடிக்கடி எழுவதற்கு வலி, சிறுநீர்த் தொற்று, சாப்பிடும் மாத்திரை என்று காரணம் இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கும் இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது, அவரை அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்ற நிலை இருந்தால், தள்ளிப் போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே.

கணவரிடம் பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று சொல்லாதீர்கள். வாரத்தில் இரண்டு இரவு அம்மா அறையில் அவர் படுக்க வேண்டும், எந்தெந்த இரவு என்று கிழமையைச் சொல்லிக் கேளுங்கள். நாத்தனாரிடம் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். தயங்கினால் இந்தப் பக்கத்தை அப்படியே அவர்கள் கையில் கொடுங்கள்.