கன்று வீசிய பசுவும் தம்பியின் காய்ச்சலும்

கேள்வி: எங்கள் கலப்பினப் பசு ஏழாம் மாதச் சினையில் கன்று வீசியது (கருச்சிதைவு). தங்கிப்போன நஞ்சுக்கொடியைத் தம்பி வெறுங்கையால் இழுத்து எடுத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவனுக்கு மாலைக் காய்ச்சலும் வியர்வையும் வந்தன. இப்போது மூளைக்காய்ச்சல் என்கிறார்கள். முதுகுத்தண்டு நீரில் செய்த மரபணு வரிசைப் பரிசோதனையில் பல லட்சம் துணுக்குகளுக்கு நடுவே சில டஜன் மட்டும் ‘புருசெல்லா’ (மாட்டைக் கன்று வீசவைத்து, மனிதருக்கும் தொற்றும் கிருமி) என்று வந்துள்ளது. இதை நம்பலாமா? மாட்டை விற்றுவிடலாமா?

பதில்: எண்ணிக்கை குறைவு என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். அந்த நீரில் கிடைக்கும் மரபணுத் துணுக்குகளில் பெரும்பகுதி நோயாளியுடையதாகவே இருக்கும். 2014இல் வெளியான அமெரிக்கச் சிறுவன் ஒருவனின் நோய் விவரத்தில், 30 லட்சம் துணுக்குகளில் 475 மட்டுமே எலிக்காய்ச்சல் கிருமியுடையவை. அதை வைத்தே பென்சிலின் கொடுத்து அவனைப் பிழைக்க வைத்தார்கள். எனினும் புருசெல்லாவுக்கு மரபணுவில் மிக நெருங்கிய உறவுக் கிருமிகள் உண்டு என்பதால், இரத்தத்தில் எதிர்ப்புப் புரதப் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து மாதக்கணக்கில் நீளும். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடக் கூடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. வீட்டில் மாடு கன்று வீசியது என்று முதல் நாளே மருத்துவரிடம் யாராவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால், புருசெல்லாவுக்கென்று குறைந்த செலவில் முடியும் ரோஸ் பெங்கால் இரத்தப் பரிசோதனையே அன்று வழி காட்டியிருக்கக்கூடும்.

நஞ்சுக்கொடியில் வெறுங்கை படவே கூடாது என்பதை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது. கன்று வீசிய மாட்டின் கொடியிலும் கருப்பை நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். நகக்கண்ணில் உள்ள சிறு கீறலே அதற்குப் போதும். கால்நடை மருத்துவர் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு செய்யும் வேலையை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு நாம் செய்கிறோம். வீசிய கன்றையும் கொடியையும் வேலியோரம் நாய்க்கு எறியாமல், சுண்ணாம்பு போட்டு ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்.

மாட்டை விற்காதீர்கள். “ஒரு குறையும் இல்லாத மாடு” என்று சந்தையில் கைமாற்றிவிடும் தரகர், உங்கள் தம்பியின் நோயை இன்னொரு வீட்டுத் தொழுவத்தில் கட்டுகிறார். மாட்டுக்கென்று மருந்துக்கடைக்காரர் எடுத்துத் தரும் ஊசியும் வீண் செலவு. கிருமி மாட்டின் உயிரணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால் முழுதாக அழியாது. அந்தப் பசுவைத் தனியே கட்டி, எல்லா மாடுகளின் இரத்தத்தையும் கால்நடை மருந்தகம் வழியாகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் உள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறைத் தடுப்பூசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். அன்று தம்பியோடு தொழுவத்தில் நின்றவர்கள் எல்லோரும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், இந்த வாரமே பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிடுங்கள்.