எச்பிவி தடுப்பூசி என்றால் நம் பெற்றோர் சிலர் ஏன் தயங்குகிறார்கள்?

எச்பிவி என்பது கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி. அதைத் தடுக்கும் இந்த ஊசியை, சிங்கப்பூரில் உயர்நிலை 1 (சுமார் 13 வயது) படிக்கும் மகளுக்குப் போட நம்மவர்கள் ஏன் யோசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து வந்த ஒப்புதல் படிவம் எங்கள் வீட்டில் நான்கு நாள் சாமி அலமாரியின் மேல் கிடந்தது. என் மாமியார் கையெழுத்துப் போட விடவில்லை.

"வயதுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இப்போது எதற்கு ஊசி?" என்றுதான் முதலில் சொன்னார். நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. மூன்றாம் நாள் இரவு வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நாளைக்குப் பிள்ளை தங்குமா, அம்மா?" ஊரில் குழந்தையில்லாத தன் தங்கை வாங்கிய பேச்சையெல்லாம் கூட இருந்து பார்த்தவர் அவர். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் பேச்சு பேச்சாக நடந்தது. இந்த ஊசியால் மலட்டுத்தன்மை வரும் என்பதற்குச் சான்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. மாறாக, இந்த ஊசி தடுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தால், சில பெண்களுக்குக் கருப்பையையே எடுக்க நேர்கிறது. இதைச் சொன்னதும் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார்.

வேறு சில தாய்மார்களுக்குச் சங்கடம் வேறு. பாலுறவால் பரவும் கிருமி என்று படித்ததும், "என் மகள் அப்படிப்பட்டவள் இல்லையே" என்கிறார்கள். ஊசி யாருடைய ஒழுக்கத்தையும் சந்தேகிக்கவில்லை. தொற்றிய கிருமியை அது விரட்டாது, தொற்றும் முன்பே தடுக்கும். இந்த வயதில் உடல் நன்றாக எதிர்ப்பாற்றலை வளர்ப்பதால் இரண்டு ஊசி போதும், 15 வயது ஆகிவிட்டால் மூன்று. இலவசம் என்பதால் நம் பிள்ளைகளை வைத்துச் சோதிக்கிறார்களோ என்று கேட்டவரும் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 2019 முதல் போடுகிறார்கள், ஆஸ்திரேலியாவிலோ 2007லேயே தொடங்கிவிட்டார்கள்.

ஊசி போட்டாலும் 25 வயதிலிருந்து கருப்பைவாய்ப் பரிசோதனை தேவை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏனென்றால் எச்பிவியில் பல வகை உண்டு; கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 என்ற எண் கொண்ட இரு வகைகளையே ஊசி முதன்மையாகத் தடுக்கிறது.

மகள் கை வலியோடு வீடு வந்த மாலையில், "அந்தப் பரிசோதனை என் வயதுக்கும் உண்டா?" என்று மாமியார் கேட்டார். அவருக்கு 62. மறுவாரம் பலதுறை மருந்தகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம்.