ஜி4 சூரியப் புயல் எச்சரிக்கை வந்தால் பினாங்கில் என்ன ஆகும்?

கைப்பேசி பழுதாகுமா, துருவ ஒளி தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நடக்காது. 2024 மே மாதம் உச்ச அளவான ஜி5 புயல் வந்தபோது லடாக்கின் ஹான்லேயில் கேமராவில் சிவப்பொளி பதிவானது. நாம் அதைவிட வெகு தெற்கே இருக்கிறோம்.

ஜி1 முதல் ஜி5 வரையிலான அளவு, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்பதைக் காட்டுகிறது. சூரியன் வீசும் பிளாஸ்மா (மின்னூட்டமுள்ள வாயு) இங்கே வர பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் புயல் வலுக்கும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விண்கலங்களை பிளாஸ்மா தொடும்போதுதான் அந்தத் திசை தெளிவாகத் தெரியும். அப்புறம் கிடைப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. முன்கணிப்பு அடிக்கடி தவறுவது இதனால்தான். வாட்ஸ்அப்பில் எச்சரிக்கையைப் பரப்புபவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

நம் தொல்லை வேறு. பினாங்கு பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் (மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டமுள்ள அடுக்கில்) அடர்த்தி குறைந்த குமிழிகள் எழுந்து ஜிபிஎஸ் சிக்னலைச் சிதறடிக்கும். மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில் இது அதிகம். புயல் இல்லாத நாளிலும் வரும். சில புயல்கள் அதை அடக்கியும் விடும். கிராப் வாடகைக் கார் ஓட்டுநர் பெரும்பாலும் உணர மாட்டார். சென்டிமீட்டர் துல்லியம் தேவைப்படும் நில அளவை, ட்ரோன் வேலையை மட்டும் பகலிலேயே முடித்துவிடுங்கள்.